கொழுப்பு மிகுந்த விலங்குகளில் ஆஸ்பிரின்: இரத்தக்குழாய்ச் சுவரில் நடப்பது என்ன?

வணக்கம் அம்மா.

பட்டர்வொர்த்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. உங்களுக்கு வயது 61. சர்க்கரை நோய் இல்லை. மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்டரால் லிட்டருக்கு 6.9 மில்லிமோல் என்று வந்ததால் மருத்துவர், கொலஸ்டராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அடோர்வாஸ்டாட்டினை எழுதிக் கொடுத்திருக்கிறார். மருந்தியல் படிக்கும் உங்கள் மகன், கொழுப்பு மிகுந்த முயல்களிலும் சுண்டெலிகளிலும் ஆஸ்பிரின் இரத்தக்குழாய்களைக் காத்ததாகப் படித்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். இதயக்குழாயைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துக்கொண்ட உங்கள் அண்ணனும் தினமும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ஆகவே விலங்குகளில் கண்டது உண்மைதானா, உண்மையென்றால் நீங்களும் ஃபார்மசியில் வாங்கிச் சாப்பிடலாமா என்று கேட்கிறீர்கள்.

பல ஆண்டுகள் இங்கே பினாங்கில் மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்குகளில் கண்டது பொய்யில்லை. கொழுப்பு மிகுந்த விலங்கின் இரத்தக்குழாய்ச் சுவரில் எழும் அழற்சியை ஆஸ்பிரின் தணிக்கக்கூடும் என்பதற்கும், சில வகைச் சுண்டெலிகளில் கொழுப்புப் படிவு வளரும் வேகத்தை அது குறைத்தது என்பதற்கும் நல்ல சான்றுகள் உள்ளன. ஆனால் அந்த ஆய்வுகளில் அளக்கப்பட்டவை வேறு, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. வயிற்றிலோ மூளையிலோ இரத்தக்கசிவு ஏற்படாமல், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தவிர்க்க முடியுமா என்பதே உங்கள் கேள்வி. அதற்கு விடை மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில்தான் இருக்கிறது. அந்த விடை, உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு, வேண்டாம் என்ற பக்கமே சாய்கிறது. ஏன் அப்படி என்பதை விளக்க, விலங்குகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

கொழுப்பையும் இரத்தக்குழாய் நோயையும் இணைத்துப் பார்க்க முயல் உதவியது ஒரு நூற்றாண்டுக்கு முன்பு. 1908-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இக்னடோவ்ஸ்கி என்பவர் முயல்களுக்கு இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றின் பெருந்தமனியில் தடிப்புகள் தோன்றின. புரதமே காரணம் என்று அவர் எண்ணினார். 1913-இல் அதே நகரில் அனிட்ச்கோவ் தூய கொலஸ்டராலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்து, அதே தடிப்புகளை உண்டாக்கிக் காட்டினார். புரதம் எதுவும் தேவைப்படவில்லை. கொலஸ்டரால் மட்டுமே போதுமானதாக இருந்தது. இன்றுவரை நடக்கும் ஆய்வுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

முயல் இதற்கு ஏற்ற விலங்காக அமைந்ததற்குக் காரணம் அது புல் தின்னும் உயிர் என்பதே. அதன் இரத்தத்தில் இயல்பாக உள்ள கொலஸ்டரால் லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமோல் மட்டுமே. உணவில் கொலஸ்டராலைச் சேர்த்தால் அதை வெளியேற்றும் வழி அதன் உடலுக்குப் போதுமான அளவு தெரியாது. சில வாரங்களில் 25 மில்லிமோலையும் தாண்டிவிடும். உங்கள் 6.9-ஐ இதனுடன் வைத்துப் பாருங்கள். ஆய்வுக்கூட முயல் எட்டும் அளவை மனிதரில் மரபுவழிக் கொழுப்பு மிகைப்பு மிகக் கடுமையாக உள்ள அரிய நோயாளிகளிடம்தான் காண முடியும். 1973-இல் ஜப்பானின் கோபே நகரில் வதனபே என்ற ஆய்வாளர், கொழுப்புணவு எதுவும் கொடுக்காமலே இரத்தக் கொழுப்பு மிக அதிகமாக இருந்த ஒரு முயலைக் கண்டு, அதிலிருந்து ஒரு வம்சத்தையே வளர்த்தெடுத்தார். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் துகளை ஈரலுக்குள் இழுத்துக்கொள்ளும் ஏற்பி அந்த முயல்களில் பழுதுபட்டிருந்தது. மனிதரில் அதே பழுதை விளக்கிய பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சுண்டெலிகளின் நிலை நேர்மாறானது. சாதாரணச் சுண்டெலிக்கு எவ்வளவு கொழுப்பு கொடுத்தாலும் இரத்தக்குழாய் எளிதில் கெடுவதில்லை, ஏனெனில் அதன் கொலஸ்டராலில் பெரும்பகுதியைச் சுமப்பது நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் துகள். ஆகவே 1992-இல், இரத்தத்திலிருந்து கொழுப்பை அகற்ற உதவும் அப்போ-ஈ என்ற புரதத்தின் மரபணுவையும், அடுத்த ஆண்டில் எல்டிஎல் ஏற்பியின் மரபணுவையும் நீக்கிச் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் ஆஸ்பிரினும் இரத்தக்குழாயும் பற்றி வந்த விலங்கு ஆய்வுகளில் பெரும்பாலானவை இவ்விரு வகைச் சுண்டெலிகளிலும், கொழுப்பு ஊட்டப்பட்ட முயல்களிலும் செய்யப்பட்டவையே.

இனி, கொழுப்பு அதிகமானால் அந்தச் சுவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இரத்தக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக மூடியிருக்கும் அணுப்படலத்தை எண்டோதீலியம் என்பார்கள். அது வெறும் பூச்சு அன்று. 1980-இல் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனையில், இந்தப் படலம் சேதமாகாமல் இருந்தால் அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் சமிக்ஞைப் பொருள் பட்டதும் குழாய் தளர்கிறது என்றும், படலத்தை உரசி எடுத்துவிட்டால் தளர்வதில்லை என்றும் கண்டார். படலம் வெளியிடும் ஏதோ ஒரு பொருள் தசையைத் தளர்த்துகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது 1987-இல் உறுதியானது. 1998-இல் அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

கொழுப்பு மிகுந்த முயலில் முதலில் கெடுவது இந்தத் தளரும் ஆற்றல்தான். கண்ணுக்குத் தெரியும் படிவு உருவாவதற்கு முன்பே அது குறையத் தொடங்குகிறது. நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியாகாமல் போவது மட்டும் இதற்குக் காரணமில்லை, உற்பத்தியானதும் அழிக்கப்படுகிறது. கொழுப்பு ஊட்டப்பட்ட முயலின் குழாய்ச் சுவர் சூப்பர்ஆக்சைடு என்ற வீரியமிக்க ஆக்சிஜன் வடிவத்தை அதிகமாக வெளியிடுவதை 1993-இல் அளந்து காட்டினார்கள். அது நைட்ரிக் ஆக்சைடைப் பட்டவுடன் செயலிழக்கச் செய்கிறது. அதே வேளையில் சுவருக்குள் புகுந்து தங்கிய எல்டிஎல் துகள்கள் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அதைப் பார்த்துச் சுவர் அணுக்கள் தம் மேற்பரப்பில் ஒட்டும் புரதங்களை வெளிப்படுத்துகின்றன. இரத்தத்தில் சுற்றும் மோனோசைட் என்ற வெள்ளணுக்கள் அவற்றில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரையணுக்களாக வீங்குகின்றன. படிவின் தொடக்கம் இதுவே. ஆக, இது கொழுப்பு படியும் நோய் மட்டுமன்று, அழற்சி நோயும் ஆகும். ஆஸ்பிரினுக்கு இங்கே வேலை இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்ததும் அதனால்தான்.

ஆஸ்பிரின் எப்படிச் செயல்படுகிறது என்பதை 1971-இல் ஜான் வேன் விளக்கினார். பிந்தைய ஆய்வுகள் காட்டியபடி, ஆஸ்பிரின் சைக்ளோ ஆக்சிஜனேஸ் என்ற நொதியின் உள்வழியில் அசிட்டைல் தொகுதி என்ற சிறு வேதித்துண்டை ஒட்டிவிட்டு அந்த நொதியை நிரந்தரமாக முடக்குகிறது. மற்ற அணுக்கள் புதிய நொதியை உருவாக்கிக்கொள்ளும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குக் கருவில்லை என்பதால் அவற்றால் முடியாது. ஒரு தட்டணு வாழும் 7 முதல் 10 நாட்கள் வரை அது முடங்கியே இருக்கும். தட்டணுவில் அந்த நொதி உண்டாக்கும் திராம்பாக்சேன் தட்டணுக்களை ஒன்றுசேர்க்கிறது, குழாயைச் சுருக்குகிறது. குழாய்ச் சுவரில் அதே குடும்ப நொதிகள் உண்டாக்கும் புரோஸ்டாசைக்ளின் இதற்கு எதிர்மாறாகத் தட்டணுக்களைப் பிரித்துவைக்கிறது, குழாயை விரிக்கிறது. முன்னதை நிறுத்திப் பின்னதை விட்டுவைப்பதே நமக்குத் தேவை. சிறிய அளவு ஆஸ்பிரினில் அது பெருமளவு நிறைவேறுவதற்கு உடலமைப்பே உதவுகிறது. குடலிலிருந்து உறிஞ்சப்படும் மருந்து ஈரலுக்குச் செல்லும் சிரையிலேயே அங்கு கடந்துபோகும் தட்டணுக்களைச் சந்தித்து முடக்கிவிடுகிறது; பிறகு ஈரல் அசிட்டைல் தொகுதியில் பெரும்பகுதியைக் கழற்றிவிடுவதால், உடலின் மற்றக் குழாய்ச் சுவர்களுக்குச் சென்றுசேர்வது குறைவு. அளவைக் கூட்டினால் இந்தப் பாகுபாடு மங்கிப்போகும். எனக்கு மருந்தியலில் மிகவும் பிடித்த செய்திகளில் இதுவும் ஒன்று. அளவு என்பது எத்தனை முக்கியமானது என்பதை மாணவர்களுக்கு உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

இப்போது உங்கள் மகன் படித்த வகை ஆய்வுகளுக்கு வருகிறேன். 2002-இல் பென்சில்வேனியாவில் ஒரு குழு, எல்டிஎல் ஏற்பி இல்லாத சுண்டெலிகளுக்குக் கொழுப்புணவுடன் குறைந்த அளவு ஆஸ்பிரினைக் கொடுத்தது. இரத்தக் கொலஸ்டரால் மாறவில்லை. இருந்தும் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் குறைந்தன, பெருந்தமனியில் படிவு குறைந்தது. எஞ்சிய படிவுகளிலும், சுவருக்குள் நுழைந்த மோனோசைட்டுகளிலிருந்து உருவாகும் பெருவிழுங்கணுக்கள் குறைந்து, தசையணுக்களும் கொல்லாஜன் நாரும் கூடியிருந்தன. படிவின் பரப்பைவிட இந்தக் கடைசிச் செய்தியை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் மனிதரில் மாரடைப்பை உண்டாக்குவது பெரும்பாலும் மெல்லிய மூடியுடைய, விழுங்கணுக்கள் நிறைந்த படிவு வெடிப்பதே. நார் மிகுந்த படிவு அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை.

இதோடு நின்றிருந்தால் பதில் எளிதாக இருந்திருக்கும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், அப்போ-ஈ இல்லாத சுண்டெலிகளில் இரண்டு முரண்பட்ட முடிவுகள் வெளிவந்திருந்தன. ஸ்பெயினைச் சேர்ந்த குழு ஒன்று, தொடர்ந்து கொடுத்த ஆஸ்பிரின் படிவைக் குறைத்தது என்றது. பாஸ்டன் நகரக் குழு ஒன்று, ஆஸ்பிரின் திராம்பாக்சேனை அடக்கியும் படிவைக் குறைக்கவில்லை என்றும், திராம்பாக்சேன் ஏற்பியையே அடைக்கும் வேறொரு மருந்துதான் குறைத்தது என்றும் கண்டது. முயல்களில் நடந்த ஆய்வுகளும் இப்படியே இரு பக்கமும் பேசுகின்றன.

பாஸ்டன் குழுவின் முடிவுக்கு நல்ல விளக்கம் உண்டு. கொழுப்பு மிகுந்த உடலில் ஆக்சிஜனேற்றம் அதிகமாக நடக்கும்போது, எந்த நொதியின் துணையும் இல்லாமல் ஐசோபுரோஸ்டேன் என்ற பொருட்கள் தாமாகவே உருவாகின்றன. அவை திராம்பாக்சேனின் ஏற்பியிலேயே போய் அமர்ந்து அதே வேலையைச் செய்யக்கூடியவை. ஆஸ்பிரின் முடக்குவது நொதியை. நொதியே தேவைப்படாத பொருளை அது என்ன செய்ய முடியும்? அந்த ஏற்பி எவ்வளவு முக்கியமானது என்பதை 2004-இல் ஜப்பானியக் குழு ஒன்று தெளிவாகக் காட்டியது. அப்போ-ஈ இல்லாத சுண்டெலியில் திராம்பாக்சேன் ஏற்பியையும் நீக்கியபோது படிவு தாமதமானது. புரோஸ்டாசைக்ளின் ஏற்பியை நீக்கியபோது படிவு விரைந்தது. புரோஸ்டாசைக்ளினைக் குறைத்துத் திராம்பாக்சேனை விட்டுவைத்த ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரை, மாரடைப்பு அபாயத்தால் உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டதும் அதே 2004-இல்தான். சுண்டெலி காட்டிய திசையும் நோயாளிகளிடம் கண்டதும் அங்கே ஒத்துப்போயின.

ஆனால் எப்போதும் அப்படி ஒத்துப்போவதில்லை. பாஸ்டன் சுண்டெலிகளில் ஆஸ்பிரினை வென்ற அந்த ஏற்பி மருந்து பின்னர் தெருத்ரோபான் என்ற பெயரில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. மூளையில் இரத்த ஓட்டத்தடை ஏற்பட்ட ஏறக்குறைய 19,000 நோயாளிகளில் ஒரு பாதிக்கு அதையும், மறு பாதிக்கு 100 மில்லிகிராம் ஆஸ்பிரினையும் கொடுத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. புதிய மருந்து ஆஸ்பிரினைவிடச் சிறந்தது என்று காட்ட இயலவில்லை. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். சுண்டெலியின் தமனியில் படிவைக் குறைத்தது எது என்பதும், மனிதருக்கு அடுத்த பக்கவாதத்தைத் தடுப்பது எது என்பதும் இரண்டு வேறு கேள்விகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. உங்கள் மகன் இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆஸ்பிரினுடன் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும் பகுதியையும் இணைத்து உருவாக்கிய மருந்து ஒன்றும் கொழுப்பு மிகுந்த சுண்டெலிகளில் 2002-இல் நல்ல பலன் தந்தது. எல்டிஎல் ஆக்சிஜனேற்றமும் படிவும் குறைந்தன. அதுவும் இன்றுவரை உங்கள் ஃபார்மசி அலமாரிக்கு வந்துசேரவில்லை.

அளவைப் பற்றியும் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் 100 மில்லிகிராம் சாப்பிட்டால் அது கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் ஆகும். சிறிய உயிர்கள் மருந்தை வேகமாகக் கழிக்கின்றன என்பதால், உடற்பரப்பை வைத்து மாற்றும் வழக்கமான கணக்கில் சுண்டெலிக்கு அதைப்போல் ஏறக்குறைய 12 மடங்கும், முயலுக்கு 3 மடங்கும் கொடுத்தால்தான் சமமாகும்; அதாவது சுண்டெலிக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம், முயலுக்கு 5 மில்லிகிராம் என்ற அளவில். எனவே சுண்டெலிகளில் நடந்த ஓர் ஆய்வில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்றும் இன்னொன்றில் 100 என்றும் பார்த்தால் அவற்றை ஒரே மருந்தாகவே கருதக்கூடாது. 100 என்பது வலி தீர்க்கும் பெரிய அளவுக்குச் சமம். குடிநீரில் கலந்து கொடுத்தார்களா, வாய்வழிக் குழாயில் ஒரே வேளையாகக் கொடுத்தார்களா என்பதும் முக்கியம். நீரில் கரைத்து வைத்த ஆஸ்பிரின் நாள் செல்லச் செல்லச் சிதைந்து சாலிசிலிக் அமிலமாகிவிடும். தட்டணுவை முடக்கும் அசிட்டைல் தொகுதி அதில் இருக்காது. 1994-இல், அந்த அமிலத்தின் உப்பு வடிவமான சாலிசிலேட் அழற்சியின் தலைமைச் சுவிட்சான என்எஃப்-கப்பா-பி என்ற புரதத்தை அடக்குகிறது என்று ஆய்வுக்கூட அணுக்களில் கண்டது பெரிதும் பேசப்பட்டது. ஆனால் அதற்குத் தேவைப்பட்ட செறிவு, 100 மில்லிகிராம் மாத்திரை சாப்பிடுபவரின் இரத்தத்தில் எட்டவே எட்டாத ஒன்று.

இனத்துக்கு இனம் இந்த மருந்தை உடல் கையாளும் விதமும் பெரிதும் மாறும். சாலிசிலேட்டைக் கழிக்கத் தேவையான ஒரு நொதி பூனைக்குப் பழுதாகவே இருப்பதால் அது பூனையின் இரத்தத்தில் பல மடங்கு நீண்ட நேரம் தங்கும். மனிதர்கள் சாப்பிடும் மாத்திரையை வீட்டுப் பூனைக்குத் தினமும் கொடுத்தால் நஞ்சாகிவிடும். கால்நடை மருத்துவர் சொல்லாமல் யாரும் கொடுக்க வேண்டாம்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் இடத்துக்கு வந்திருக்கிறேன். மனிதரில் ஆஸ்பிரினின் பெரும்பயன் படிவு வளர்வதைத் தடுப்பதில் இல்லை. படிவு வெடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் அதன்மேல் இரத்தக்கட்டி உருவாவதைத் தடுப்பதில்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடச் சுண்டெலியின் படிவு, மனிதரின் படிவைப்போல் வெடித்து இதயக்குழாயை அடைப்பது மிக அரிது. கொழுப்பு ஊட்டிய முயலின் படிவும் பெரும்பாலும் நுரையணுக்கள் நிறைந்த தொடக்கநிலைப் படிவே. ஆகவே ஆஸ்பிரின் மிகச் சிறப்பாகச் செய்யும் வேலையை அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அளக்கவே இல்லை. அதேபோல் ஆஸ்பிரினின் பெருந்தீங்கையும் அவை அளக்கவில்லை. அந்த விலங்குகள் இளவயதினவை, சில மாதங்களே கவனிக்கப்பட்டவை. மூட்டுவலிக்காக வேறு மாத்திரை சாப்பிடுவதில்லை. வயிற்றில் பழைய புண் இல்லை. உயர் இரத்த அழுத்தம் இல்லை. 61 வயதில் ஆண்டுக்கணக்கில் தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டால் வயிறு என்ன ஆகும் என்பதை அவற்றிடம் கேட்க முடியாது.

மனிதர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்குப் பயன் ஐயமற்றது. 1988-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு என்று ஐயுறப்பட்ட 17,187 பேரில் ஆஸ்பிரின் பெற்றவர்களிடையே முதல் ஐந்து வாரங்களில் இதய, இரத்தக்குழாய் நோயால் நேர்ந்த மரணங்கள் 23 விழுக்காடு குறைந்தன. நோய் வராதவர்களின் கதை வேறு. 2009-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவர்களில் பெரிய இதய, மூளை நிகழ்வுகள் ஆண்டுக்கு 0.57 விழுக்காட்டிலிருந்து 0.51 ஆகக் குறைந்தன. மூளைக்கு வெளியே நிகழும் பெரிய இரத்தக்கசிவுகள் 0.07 விழுக்காட்டிலிருந்து 0.10 ஆகக் கூடின. 2018-இல் 15,480 சர்க்கரை நோயாளிகளைச் சராசரியாக 7.4 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், பெரிய நிகழ்வுகள் 9.6 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆக இறங்க, பெரிய இரத்தக்கசிவுகள் 3.2-லிருந்து 4.1 ஆக ஏறின. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொண்டது ஆஸ்பிரின். அதே ஆண்டில் 70 வயதுக்கு அருகிலோ அதற்கு மேலோ உள்ள 19,114 பேரிடம் நடந்த ஆய்வில் இதய நோய் குறையவே இல்லை. இரத்தக்கசிவு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. இவற்றையெல்லாம் பார்த்தபின், இதய நோய் வராத 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்தடுப்பாக ஆஸ்பிரினைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று 2022-இல் அமெரிக்க முன்தடுப்புக் குழு பரிந்துரைத்தது.

நம் நாட்டில் இதற்கு மேலும் ஒரு கோணம் உண்டு, அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்று மலேசிய ஆய்வுகள் நெடுங்காலமாகக் காட்டிவருகின்றன. அக்கிருமி உள்ள வயிற்றில் ஆஸ்பிரின் புண்ணை இரத்தம் கசிய வைக்கும் வாய்ப்பு கூடுகிறது. மூட்டுவலிக்கு பொன்ஸ்டான் என்ற வலி மாத்திரையைச் சாப்பிடும் பழக்கமும் நம்மவர்களிடம் அதிகம். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து மேலும் பெருகும். இபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை இன்னொரு வகையில் கெடுக்கிறது. ஆஸ்பிரின் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது முன்னதாகவே மறைத்துக்கொள்வதால், அண்ணனைப் போல் ஆஸ்பிரின் தேவைப்படுபவர்களுக்கு அதன் பயனே குறையக்கூடும்.

ஆகவே உங்கள் நிலையில் நான் முழுக் கவனத்தையும் வைக்கச் சொல்வது அடோர்வாஸ்டாட்டின் மீதே. விலங்கு ஆய்வுகளிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடிய பாடமும் அதுதான்: ஆஸ்பிரின் கொடுத்த சுண்டெலியின் கொலஸ்டரால் மாறவில்லை, படிவுக்கான மூலப்பொருள் அப்படியே இருந்தது, அதன் ஒரு விளைவு மட்டுமே தணிந்தது. ஸ்டாட்டின் மூலப்பொருளையே குறைக்கிறது. எல்டிஎல் 1 மில்லிமோல் குறைந்தால் பெரிய இதய, மூளை நிகழ்வுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நிலைநாட்டப்பட்ட செய்தி. ஆஸ்பிரினைப்போல் வயிற்றில் இரத்தம் கசியச் செய்வதும் இல்லை. 2019-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 10 பேரில் ஏறக்குறைய 4 பேருக்குக் கொலஸ்டரால் அதிகம் என்று தெரிந்தது. அவர்களில் பலர் ஸ்டாட்டின் மாத்திரையை அச்சத்தால் பாதியில் நிறுத்திவிட்டு, சிறியது என்பதால் ஆஸ்பிரின் தீங்கற்றது என்று நம்பி அதை வைத்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது மொத்தக் கொலஸ்டராலை மட்டும் பார்க்காமல் எல்டிஎல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் பெற்றோரோ உடன்பிறந்தோரோ இளவயதிலேயே மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அண்ணனுக்கு எந்த வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள் என்பது மருத்துவருக்கு மிகவும் பயனுள்ள செய்தி. மரபுவழிக் கொழுப்பு மிகைப்பு இருக்கிறதா என்று பார்க்க அது அவரைத் தூண்டும்.

அண்ணனைப் பொறுத்தவரை, நான் மேலே எழுதிய எதையும் படித்துவிட்டு அவர் ஆஸ்பிரினை நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் இதய மருத்துவரைக் கேட்காமல் அதை விட்டுவிட்டால், ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல் பிடுங்குவதற்கு முன்பும் தாமாக நிறுத்தாமல், பல் மருத்துவரிடம் சொல்லி இதய மருத்துவரையும் கேட்கச் செய்ய வேண்டும். டெங்கி காய்ச்சல் வந்தால் மட்டும் நிலைமை சிக்கலாகும். டெங்கியில் தட்டணுக்கள் குறைவதால் ஆஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும். மற்றவர்கள் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே எடுக்க வேண்டும் என்று சொல்வதும் அதனால்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மருந்தைத் தாமே நிறுத்தவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குச் சென்று, ஸ்டென்ட் வைத்திருப்பதையும் ஆஸ்பிரின் சாப்பிடுவதையும் முதலிலேயே சொல்லி, தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லட்டும். அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அந்த எண்ணிக்கையை வைத்து மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்.